பார்க்கிங்கில் பத்து நாள் செடி விற்பனை: காரைக்குடியில் யாரிடம் என்ன எழுதி வாங்கணும்?

கோட்டையூர் நாற்றங்கால்
எல்லாருக்கும் வணக்கம். நூறடி ரோட்டில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் முன்னாடி உள்ள பார்க்கிங்கில் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 5 வரை செடி விற்பனை போட ஏற்பாடு. தரை பேவர் பிளாக். கோடு போட்டபடி 14 கார் நிற்கும். நாலு கார் இடம் தர்றதா மேலாளர் வாய்வார்த்தையாச் சொல்லியிருக்கார். பத்து நாளைக்கு 15,000 ரூபாய் வாடகை.

விற்கப்போறது: ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், அடீனியம். கூடவே மா, கொய்யா, எலுமிச்சை ஒட்டுக்கன்று, கறிவேப்பிலை, கத்தரி மிளகாய் நாற்று, மண்தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி, மண்புழு உரம் சின்னப் பாக்கெட். கோட்டையூரில் நர்சரிக்குத் தொழில் உரிமம் இருக்கு. அது போதுமா, புதுசா வாங்கணுமா? பந்தல், லைட், தண்ணி பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செக்காலைக்காரன்
தொழில் உரிமம் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. கோட்டையூர் முகவரிக்கு வாங்கினது நூறடி ரோட்டில் செல்லாது. ஆனா பத்து நாளைக்கு அங்கே முழு உரிமம் எடுக்கவும் அவசியம் வராது. மாநகராட்சி ஆணையர் பெயருக்கு வெள்ளைத்தாளில் தற்காலிக விற்பனை அனுமதி கேட்டு மனு எழுதுங்க. குறைஞ்சது 15 நாள் முன்னாடி. தபால் பிரிவில் கொடுத்து, நகல்ல தேதியோட முத்திரை வாங்கிக்கங்க. அந்த முத்திரை விழுந்த நகல்தான் பின்னால பேசும்.

மனு ஒண்ணுதான், போற மேசை மூணு. தொழில் உரிமம் சுகாதாரப் பிரிவு, வாகன நிறுத்துமிடம் நகரமைப்புப் பிரிவு, வரி பாக்கி வருவாய்ப் பிரிவு. மூணில் ஒண்ணு 'ஆட்சேபம்' எழுதினா அங்கேயே நிற்கும். பெரும்பாலும் நிற்கிற இடம் நகரமைப்பு. காரணத்தை அப்புறம் சொல்றேன், முதல்ல இணைப்புகள்:

இட உரிமையாளரின் சம்மதக் கடிதம். அந்தக் கட்டிடத்தின் நடப்பு அரையாண்டு சொத்து வரி ரசீது. உங்க ஆதார் நகல், கோட்டையூர் தொழில் உரிம நகல். அளவு போட்ட கை வரைபடம் மூணு நகல். விற்கப்போற பொருள் பட்டியல். கட்டணம் ஏதாவது சொன்னா ரசீது இல்லாம ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இன்னொண்ணு, பொதுவாப் படிக்கிறவங்களுக்கு. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆன பிறகு எல்லைக் கணக்கு மாறியிருக்கு. உங்க இடம் மாநகராட்சியா, பேரூராட்சியா, கிராம ஊராட்சியான்னு சொத்து வரி ரசீதின் தலைப்பைப் பார்த்தாலே தெரியும். ஊராட்சின்னா மனு போற இடமும் சட்டமும் வேற, 1994 ஊராட்சிகள் சட்டம். நகர்ப்புறத்துக்கு 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும்.

மானகிரி ஆச்சி
தம்பி, மேலாளர் வாய்வார்த்தை கணக்கில் வராது. கடைக்காரரே வாடகைக்கு இருப்பாரு. அவருடைய வாடகை ஒப்பந்தத்தில் 'உள்வாடகை விடக்கூடாது'ன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தா அவர் எழுதிக் கொடுக்கிற கடிதம் வெறும் காகிதம்.

நம்ம பக்கத்தில் அதுக்கு மேலயும் ஒரு சிக்கல் உண்டு. இடம் பங்காளிகள் பெயரில் பொதுவில் கிடக்கும். ஒரு பங்கு காரைக்குடியில், ஒரு பங்கு சென்னையில், ஒரு பங்கு மலேசியாவில். ஊரில் இருக்கிற பெரியவர் ஒருத்தர் வாடகை வாங்கிப் பிரிச்சுக் கொடுப்பாரு, அவரையே உரிமையாளர்னு நினைச்சுக்குவாங்க. அவர்கிட்ட மற்ற பங்குதாரர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அதன் நகலோட அவர் கையெழுத்து ஒண்ணே போதும். இல்லைன்னா எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் வேணும். வெளிநாட்டில் இருந்து காகிதம் வர நாளாகும், அதனால 15 நாள் கணக்கு இங்கே பத்தாது. ஒரு மாசம் வச்சுக்கங்க.

சம்மதக் கடிதத்தில் தேதி, நேரம், எத்தனை சதுர மீட்டர், வாடகை எவ்வளவு, தரை உடைஞ்சா யார் பொறுப்பு, இத்தனையும் எழுதணும். 'இடம் பயன்படுத்த ஆட்சேபம் இல்லை'ன்னு ஒத்தை வரி எழுதி வாங்கினா மூணாம் நாள் மேலாளர் மாறிப் பேசுவாரு.

வரிக்கணக்கு
உங்க தேதியில் ஒரு கண்ணி இருக்கு. சொத்து வரி, தொழில் வரி ரெண்டுக்கும் அரையாண்டு ஏப்ரல் – செப்டம்பர், அக்டோபர் – மார்ச். உங்க விற்பனை செப்டம்பர் 26ல் ஆரம்பிச்சு அக்டோபர் 5ல் முடியுது. மனு கொடுக்கும்போது செப்டம்பர் வரை ரசீது இருந்தாப் போதும். ஆனா அக்டோபர் 1 பிறந்ததும் அடுத்த அரையாண்டுக் கேட்பு ஏறிடும். கட்டிட உரிமையாளரை அக்டோபர் முதல் தேதியே கட்டச் சொல்லுங்க. முதல் 30 நாளுக்குள் கட்டினா 5 சதவீத ஊக்கத்தொகை அவருக்கே கிடைக்குது, அதைச் சொன்னா மறுக்க மாட்டாரு.

ஜிஎஸ்டி: உயிருள்ள செடி, கன்றுக்கு வரி இல்லை. வரி இல்லாத பொருள் மட்டும் விற்கிறவர் பதிவே செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி விற்க ஆரம்பிச்சா அது வரியுள்ள பொருள், ஆனாலும் தமிழ்நாட்டில் சரக்கு விற்பனைக்கு ஆண்டு மொத்தம் 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவுக் கட்டாயம். இந்த 40 லட்சத்தில் வரி இல்லாத செடி விற்பனையும் சேரும், அதை நிறையப் பேர் விட்டுடுறாங்க. பதிவு இருந்தா பில்லில் செடியையும் தொட்டியையும் தனித்தனி வரிசையில் போடுங்க.

கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவுள்ளவர்னா 15,000 வாடகைக்கு 18 சதவீதம், அதாவது 2,700 சேர்த்து 17,700க்குப் பில் போடுவார். செடிக்கு வரி இல்லாததால் அந்த 2,700ஐ நீங்க எதிலும் கழிக்க முடியாது. வாடகை பேசும்போதே வரி உட்பட எவ்வளவுன்னு பேசுங்க.

கடியத்தில் இருந்து லாரியோட நேரா வந்து கடை போடுற ஆந்திர வியாபாரிகளுக்கு மட்டும் கணக்கு வேற. செடி மட்டும்னா ஒண்ணுமில்லை. பிளாஸ்டிக் தொட்டியும் சேர்த்து வித்தா, இங்கே நிரந்தர இடம் இல்லாதவர் என்கிற முறையில் தற்காலிக வரியாளரா முன்கூட்டிப் பதிவு செய்யணும். அவங்களுக்கு 40 லட்சம் கணக்கு பொருந்தாது.

விதைநெல்
எல்லாரும் மாநகராட்சியைப் பேசுறீங்க. பொருள் பட்டியலைப் பார்த்தா பெரிய வேலை வேற இடத்தில் இருக்கு.

ரோஜா, குரோட்டன்ஸ், அடீனியத்துக்கு யாரும் விதை உரிமம் கேட்க மாட்டாங்க. மா, கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய் எல்லாம் உணவுப் பயிர். 1966 விதைச் சட்டத்தில் 'விதை' என்கிற சொல்லுக்குள்ளேயே நாற்று, ஒட்டுக்கன்று, பதியன், கிழங்கு எல்லாம் அடக்கம். 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இதை விற்க விதை விற்பனை உரிமம் கட்டாயம். சுருக்கமா, மல்லிகைக்கு வேண்டாம், மாவுக்கு வேண்டும்.

உரிமம் கொடுக்கிறது மாவட்ட விதை ஆய்வுப் பிரிவு, மாநகராட்சி இல்லை. உரிமத்தில் எழுதியிருக்கிற விற்பனை இடத்துக்குத்தான் அது செல்லும். கோட்டையூர் நர்சரிக்கு ஏற்கனவே விதை உரிமம் இருந்தாலும் நூறடி ரோட்டு இடத்தைச் சேர்த்துத் தரச் சொல்லி விண்ணப்பிக்கணும். உரிமமே இல்லைன்னா செப்டம்பர் 26க்குள் எதிர்பார்க்க வேண்டாம்.

உரிமம் இருந்தா அங்கே செய்ய வேண்டியது: உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டணும். ரகம் வாரியா இருப்பும் விலையும் எழுதின பலகை தினமும் வைக்கணும். வாங்குறவருக்கு ரகம் எழுதின பில் கொடுக்கணும். இருப்புப் பதிவேடு கையில் இருக்கணும். ஆய்வாளர் வந்தா முதல்ல கேட்கிறது, கன்று எங்கிருந்து வாங்கினது என்கிற கொள்முதல் பில். 'மாங்கன்று 40' என்று மொட்டையா எழுதின பில் பயன்படாது. இமாம் பசந்த் 15, பங்கனப்பள்ளி 25ன்னு ரகம் பிரிச்சு இருக்கணும்.

பத்து நாளைக்கு இவ்வளவு எதுக்குன்னு தோணினா உணவுப் பயிரை அங்கே வைக்காதீங்க. கன்று வேணும்னு கேட்கிறவங்களைக் கோட்டையூர் நர்சரிக்கு அனுப்புங்க.

ஊரணிக்கரை
எனக்கு ஒரு சந்தேகம். தனியார் இடம், உரிமையாளர் சம்மதம் இருக்கு, விற்கிறது செடி. ரோட்டோரத்தில் தள்ளுவண்டியில் ஆயிரம் பேர் செடி விற்கிறாங்க, அவங்க யார்கிட்ட மனு கொடுத்தாங்க? 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இதுக்கும் பொருந்தாதா? அதன் விளக்கத்தில் தனியார் இடம்னும் வருதே.

செக்காலைக்காரன்
விளக்கத்தில் வருது, சரிதான். ஆனா அந்தச் சட்டத்தில் சான்று வாங்கறவர், தானோ தன் குடும்பத்தாரோ மட்டும் வியாபாரம் செய்யறதாவும், வேற பிழைப்பு இல்லைன்னும் உறுதி கொடுக்கணும். கோட்டையூரில் உரிமத்தோட நர்சரி வச்சிருக்கிறவர் அப்படி எழுதிக் கொடுத்தா அது பொய். தள்ளுவண்டிக்காரருக்கு உள்ள பாதுகாப்பை இங்கே இழுக்க வேண்டாம்.

தனியார் இடம்தான். ஆனா பார்க்கிங் என்பது வெறும் காலி இடம் இல்லை. கடை கட்ட அனுமதி கொடுத்தபோதே இத்தனை காருக்கு இடம் விடணும்னு கணக்குப் போட்டுத்தான் வரைபடத்தில் முத்திரை குத்தியிருக்காங்க. அந்த எண்ணிக்கை குறைஞ்சா கட்டிட அனுமதி மீறல், நோட்டீஸ் கடைக்காரருக்குப் போகும். நகரமைப்பு மேசையில் மனு நிற்கிறதுக்கு இதுதான் காரணம்.

அதனால மேலாளர்கிட்ட கேட்க வேண்டியது 'எத்தனை கார் இடம் தருவீங்க' இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல். அதில் எத்தனை கார், எத்தனை டூவீலர்னு எழுதியிருக்கும். 2019 கட்டிட விதிகளில் கார் ஒண்ணுக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். வரைபடத்தில் 10 கார், தரையில் 14 கார் இருந்தா மிச்சம் நாலு இடத்தைத் தாராளமாக் கேட்கலாம். வரைபடத்திலேயே 14ன்னா ஒரு இடம்கூடக் கேட்க முடியாது.

டேப் வச்சு அளக்காம மனு எழுதாதீங்க. பெயிண்டர் கோடு போடும்போது 2.5ஐ 2.2 ஆக்கி ரெண்டு கார் கூட்டியிருப்பாரு. 2.2 மீட்டரில் 14 கோடுன்னா மொத்த அகலம் 30.8 மீட்டர். அதை 2.5ஆல் வகுத்தா 12தான் வருது.

கூடவே சுற்றுச்சுவர் ஓரத்துப் பக்க இடைவெளி, மாற்றுத்திறனாளி சரிவுப் பாதை, வண்டி உள்ளே வர்ற வழி, ஜெனரேட்டர் முன்பகுதி, தீயணைப்பு வண்டி திரும்புற இடம், இது எதிலும் ஒரு தொட்டிகூட வைக்கக் கூடாது. 'ஓரமாத்தானே வைக்கிறோம்' என்கிற ஓரம்தான் அந்தப் பக்க இடைவெளி.

சவுக்குக்கம்பு
பந்தல் கேட்டீங்க. பேவர் பிளாக்கில் குழி தோண்ட முடியாது, தோண்டவும் விடமாட்டாங்க. 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளியில் கம்பை நடுவில் நிறுத்திக் கான்கிரீட் ஊத்துங்க. ஒண்ணு 45 கிலோ வரும். காய ஏழு நாள் விடுங்க. முந்தின நாள் ஊத்திக் கொண்டுவந்தா ஆட்டத்தில் கம்பு வாளிக்குள்ளேயே கழண்டு நிற்கும்.

நாலு கார் இடம் 10க்கு 5 மீட்டர். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டுக் கம்பு, இடைவெளி 3.3 மீட்டர். சவுக்கு 3 அங்குலத்துக்குக் குறையாம, உயரம் 9 அடி. மேலே 50 சதவீத நிழல் வலை. ரோல் 3 மீட்டர் அகலம்தான் சுலபமாக் கிடைக்கும், ரெண்டு பட்டையை நைலான் கயிறால் நடுவில் தைச்சுக்கங்க. தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். வலையில் காத்து ஊடுருவிப் போயிடும், தார்ப்பாய் பாய்மரம் மாதிரி நின்னு 45 கிலோ வாளியைத் தூக்கிப் போட்டுடும். மழை வந்தா தண்ணி தேங்கி நடுவில் பை மாதிரி தொங்கும், அது அறுந்தா கீழே நிற்கிற ஆளுக்கு அடி.

75 சதவீத வலை போட்டா செடிக்குக் குளிர்ச்சிதான். ஆனா ரோஜா வெளுத்துத் தண்டு நீண்டுடும். நிழல் செடிக்கு மட்டும் ஒரு மூலையில் ரெட்டை வலை போதும்.

ரெண்டு தீயணைப்பான், ஏபிசி பவுடர் வகை, அஞ்சு கிலோ. காலாவதித் தேதி பாருங்க. வைக்கோல், தென்னை நார், உலர்ந்த சாக்கு எல்லாம் இருக்கிற இடம் அது. பந்தல் அளவைத் தீயணைப்பு நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ஏற்பு வாங்கிக்கங்க.

கோட்டையூர் நாற்றங்கால்
எல்லாருக்கும் நன்றி. வரைபட நகல் கேட்டிருக்கேன், நாளைக்குக் கிடைக்கும். விதைநெல் சொன்னபடி உணவுப் பயிரை நிறுத்திடறேன். விதை உரிமம் நர்சரி முகவரிக்கு மட்டும்தான் இருக்கு. லைட், தண்ணி?

மின்கம்பி
கடையின் இணைப்பு வணிகக் கட்டண விகிதம் அஞ்சில் இருக்கும். அதில் இருந்து எடுத்தா பிரச்சினை இல்லை, அனுமதிச் சுமைக்குள் இருக்கணும், அவ்வளவுதான். 50 வாட் எல்இடி ஃபிளட் லைட் நாலு, மொத்தம் 200 வாட், பில் மெஷினும் ஃபேனும் சேர்த்தாலும் 400 தாண்டாது. பக்கத்து வீட்டில் இருந்து வயர் இழுக்காதீங்க. வீட்டு இணைப்பை வியாபாரத்துக்குக் கொடுத்தா அபராதம் வீட்டுக்காரர் தலையில் விழும். கடை கொடுக்கலைன்னா உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு கேட்கலாம். அது கட்டண விகிதம் ஆறு, யூனிட் விலை கூடுதல், முன்பணமும் உண்டு.

தண்ணி ஊத்துற இடம் என்பதை மறக்காதீங்க. பந்தலுக்குப் போற வயரின் தொடக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா அணைக்கிற சுவிட்ச்) கட்டாயம். மூணு கோர் கேபிள், எர்த் சேர்த்து, நடுவில் டேப் சுத்தின இணைப்பு இல்லாம ஒரே நீளமா. லைட் ஐபி65, அதாவது தண்ணி அடிச்சாலும் உள்ளே புகாத வகை. கேபிள் தரையில் கிடக்கக் கூடாது, கம்பு மேல 8 அடியில் போகணும். பிளக் பாக்ஸைத் தொட்டி வரிசைக்கு மேல மாட்டாதீங்க. ஹோஸ் தண்ணி நேரா அதில்தான் அடிக்கும்.

மானகிரி ஆச்சி
தண்ணிக் கணக்கு நான் சொல்றேன். 10க்கு 5 மீட்டர்னா நடுவில் ஒன்றரை மீட்டர் நடைபாதை விட்டு மிச்சம் 35 சதுர மீட்டர். 6க்கு 8 அங்குலப் பாக்கெட் ஒண்ணு நிறைஞ்சா நாலு அங்குல வட்டம். நெருக்கி அடுக்கினா சதுர மீட்டருக்கு 100 வரும், ஆனா எடுத்துப் பார்க்க இடம் வேணும், 60க்கு மேல வைக்காதீங்க. 10 அங்குலத் தொட்டி சதுர மீட்டருக்குப் பத்து. 15 சதுர மீட்டரில் 900 பாக்கெட், 20ல் 200 தொட்டி. பாக்கெட்டுக்கு 150 மில்லி ரெண்டு வேளை, தொட்டிக்கு ஒரு லிட்டர். நாளைக்கு 470 லிட்டர். 500 லிட்டர் டேங்க் ஒண்ணு போதும், ராத்திரியே நிறைச்சு வைங்க.

பேவர் பிளாக் மத்தியானம் அடுப்புக்கல். கறுப்புப் பாக்கெட்டைத் தரையில் வச்சா இலை பச்சையாவே இருக்கும், வேர் உள்ளே வெந்து நாலாம் நாள் தலை சாயும். பழைய மரப் பலகையை ரெண்டு செங்கல் மேல போட்டு நாலு அங்குலம் தூக்கி வைங்க, அடியில் காத்துப் போகணும். போர் தண்ணி உப்பா இருந்தா இலையில் தெளிக்காதீங்க, வெள்ளை வெள்ளையாத் திட்டு விழும். அடியில் மட்டும் ஊத்துங்க. சம்பை ஊற்றுத் தண்ணிக்குப் பேர் போன ஊருன்னு நல்ல தண்ணிக் குழாயில் ஹோஸ் மாட்டிடாதீங்க. வீட்டுக்குக் கொடுத்த குடிதண்ணி அது.

நம்ம செம்மண் கரைஞ்சு பேவர் இடுக்கில் இறங்கினா துடைச்சாலும் போகாது. முன்பணத்தில் பிடிப்பாங்க. பலகைக்கு அடியில் தடித்த தார்ப்பாய், சுத்தி மணல் மூட்டை ஒரு வரிசை, ஒரு மூலையில் மட்டும் வாய் விட்டு அங்கே வாளி. மழைநீர் வடிகால் மூடிக்கு மேல சாக்கு விரிங்க. முடிஞ்சதும் மிச்ச மண்ணையும் உடைஞ்ச தொட்டியையும் எந்த ஊரணிக் கரையிலும் கொட்டாதீங்க.

தராசுமுள்
பட்டியலில் 'மண்புழு உரம் சின்னப் பாக்கெட்' பார்த்தேன். ரெண்டு பக்கமும் இடிக்கிற பொருள் அது. மண்புழு உரம் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருது. பெரிய மூட்டை வாங்கி ஒரு கிலோ கவரில் பிரிச்சு வெள்ளைப் பாக்கெட்டா விற்க முடியாது. பொட்டலப் பொருள் விதிகள் 2011 தனியா நிற்குது: அடைச்ச பாக்கெட் எதுவானாலும் தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, மாதம் ஆண்டு, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் எண் அச்சில் இருக்கணும். ஏற்கனவே லேபிளோட வர்ற கம்பெனிப் பாக்கெட் என்றாலும் உர விற்பனைக்கான அனுமதிக் காகிதம் உங்க பெயரில் வேணும். இதுக்கும் பேசாம நர்சரியோட நிறுத்திக்கங்க.

கூழாங்கல், மண்கலவை எடை போட்டு விற்றா மின்னணுத் தராசுக்கு ஆண்டு முத்திரை நடப்பில் இருக்கணும், சான்று கையில் இருக்கணும். எடை, முத்திரை பார்க்கிற தொழிலாளர் துறை ஆட்கள் பண்டிகை நேரத்தில்தான் சுத்துவாங்க. முத்திரை வேண்டாம்னா எடை சொல்லி விற்காம தொட்டிக்கு இவ்வளவுன்னு நிரப்பிக் கொடுங்க. பூச்சிமருந்து, வேப்பெண்ணெய் கலந்த மருந்து உட்பட, 1968 பூச்சிக்கொல்லிச் சட்ட உரிமம் இல்லாம ஒரு பாட்டில்கூட மேசையில் வேண்டாம். கேரி பேக் 2019 ஜனவரி 1 முதல் தடை. துணிப்பையோ, பழைய சாக்கு வெட்டினதோ வைங்க.

ஊரணிக்கரை
சரி, செக்காலை அண்ணன் சொன்னதை ஏத்துக்கறேன். பேனர் பத்தி யாரும் சொல்லலை. ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டினா முதல் நாளே பிரிச்சுடுவாங்க, அதுக்குத் தனி அனுமதி. கடைச் சுவருக்கு உள்பக்கம் ஒரு போர்டு போதும். 'மலர்க் கண்காட்சி'ன்னு பேர் போட வேண்டாம். நுழைவுக் கட்டணமும் வாங்கினா கேளிக்கை வரிக் கேள்வி வரும். 'செடி விற்பனை' போதும். மைக் வச்சா காவல் நிலைய அனுமதி வேணும், ராத்திரி 10 முதல் காலை 6 வரை அறவே கூடாது. டீ ஸ்டால் யாராவது போடறேன்னு வந்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு அவர் பெயரில் இருக்கான்னு பாருங்க.

கோட்டையூர் நாற்றங்கால்
வரைபடம் வந்துடுச்சு. அதில் 12 கார். தரையில் அளந்தா ஒரு கோட்டுக்கு 2.4 மீட்டர், 14 கோடு, மொத்தம் 33.6 மீட்டர். 2.5ஆல் வகுத்தா 13 கார். அப்போ மிச்சம் ஒரே ஒரு கார் இடம், 12.5 சதுர மீட்டர். நாலு கேட்டு மனு தட்டச்சே பண்ணிட்டேன். ஒரு இடத்தில் என்ன விற்கிறது?

ஸ்டோருக்குக் கிழக்கே ஒட்டி ஒரு காலிமனை இருக்கு. நடுச்சுவரில் ஒரு சின்ன கேட். அங்கே போட்டா என்ன?

செக்காலைக்காரன்
அளந்தது நல்லதாப் போச்சு. நாலு கேட்டிருந்தா மனுவோட கடைக்காரருக்கும் நோட்டீஸ் வந்திருக்கும்.

காலிமனைதான் சரி. அங்கே பார்க்கிங் எண்ணிக்கைப் பேச்சே வராது, வாடிக்கையாளர் வண்டி ஸ்டோர் பார்க்கிங்கில் நிற்கும். மனுவில் இடத்தை மாத்துங்க, சொத்து வரிக்குப் பதிலா காலிமனை வரி ரசீது, அந்த மனையின் உரிமையாளர் சம்மதம். ஸ்டோர் உரிமையாளரிடம் கேட் வழியையும் வண்டி நிறுத்தத்தையும் பயன்படுத்த மட்டும் ஒரு கடிதம். ரெண்டும் வேற வேற கடிதம், ஒண்ணாக் குழப்பாதீங்க. மனுவின் முக்கியப் பத்தி இப்படி இருக்கட்டும்:

'மேற்படி காலிமனையில் 10 மீட்டருக்கு 5 மீட்டர் பரப்பில், தேதி இத்தனை முதல் இத்தனை வரை, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை அலங்காரச் செடிகளும் தொட்டிகளும் மட்டும் விற்பனை செய்ய உள்ளேன். உணவுப் பயிர்க் கன்று, உரம், பூச்சிமருந்து விற்பனை இல்லை. சாலையிலும் நடைபாதையிலும் எந்தப் பொருளும் வைக்கப்படாது. அருகிலுள்ள வணிகக் கட்டிடத்தின் வாகன நிறுத்துமிடம் குறைக்கப்படாது. முடிந்த மறுநாள் இடம் சுத்தம் செய்து ஒப்படைக்கப்படும்.'

வருவாய்ப் பிரிவுக்கு இணைக்கிற வரி ரசீதே பதில், மற்ற ரெண்டு மேசை கேட்கிற கேள்விக்கு இந்தப் பத்தியிலேயே பதில் இருக்கு. நகரமைப்புக்கு நாலாவது வரி, சுகாதாரத்துக்குக் கடைசி வரி. செடி இறக்கக் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வந்தா ஸ்டோர் கேட் வழியா வேண்டாம், மனையின் ரோட்டுப் பக்க வாசலில் காலை 8க்கு முன்னாடி. போக்குவரத்துக் காவலுக்கும் மனு நகல் ஒண்ணு.

சவுக்குக்கம்பு
காலிமனைன்னா வாளி வேண்டாம், நேரா நடலாம். ஆனா அந்தப் பக்கம் ஒரு அடிக்குக் கீழ செம்புறாங்கல் வரும். மண்வெட்டி இறங்காது, கடப்பாரைதான். ஒன்றரை அடி இறக்கிச் சுத்தி ஓட்டுச் சில்லு போட்டு இடிங்க. மூலைக் கம்பு நாலுக்கும் வெளிப்பக்கம் இழுகயிறு. குழி தோண்டும் முன்னாடி உரிமையாளரிடம் தண்ணிக் குழாய், கேபிள் எதுவும் அடியில் போகுதான்னு கேட்டுக்கங்க. செம்புறாங்கல்லில் தண்ணி சீக்கிரம் இறங்காது, மழை பெய்தா நடைபாதை சேறாயிடும். ரெண்டு அங்குலத்துக்குக் கிராவல் பரப்ப 15 சதுர மீட்டர் நடைபாதைக்கு முக்கால் கன மீட்டர் போதும்.

மின்கம்பி
ஸ்டோரில் இருந்து மனைக்கு வயர் சுவர் தாண்டி இழுக்கலாம்னு நினைக்காதீங்க. ஒரு இணைப்பின் மின்சாரத்தை வேற இடத்துக்குக் கொடுக்கிற கணக்கில் வரும். மனைக்குத் தற்காலிக இணைப்புதான். இல்லைன்னா இருட்டும் முன்னாடி கடையை மூடுங்க, ஆனா நம்ம ஊரில் வெயில் தாழ்ந்து அஞ்சரைக்கு மேலதான் கூட்டமே வரும்.

மானகிரி ஆச்சி
காலிமனை வரி ரசீதில் யார் பெயர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க தம்பி. ஸ்டோர்க்காரரும் மனைக்காரரும் ஒரே வீட்டுப் பங்காளிகளா இருந்தா கையெழுத்து வாங்குறது ஒரே நடையில் முடியும். அவங்களுக்குள்ள வழக்கு ஏதும் நடந்துக்கிட்டு இருந்தா அந்த நடுச்சுவர்க் கேட்டையே திறக்க விடமாட்டாங்க, அப்போ மனுவில் கேட் வழியைப் பத்தின வரியை எடுத்துட்டு ரோட்டுப் பக்க வாசலை மட்டும் காட்டுங்க.